சிவப்பு மையால் வெட்டிய சொல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



மொழியைப் பற்றிப் பேச வரும் தமிழாசிரியன் வழக்கமாகச் சங்க இலக்கியத்தில் தொடங்குவான். நான் இன்று ஒரு மாணவனின் கட்டுரைக் கொப்பியில் தொடங்குகிறேன்.

அது 2008ஆம் ஆண்டு. நான் பட்டதாரி ஆசிரியனாக நியமனம் பெற்று அதிக காலம் ஆகவில்லை. வாழைச்சேனைக்கு வடக்கே, வாகரைப் பக்கத்தில், கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றில் எனக்குக் கடமை. 2004இல் கடல் ஏறிவந்து அழித்துவிட்டுப் போன கரை அது. 2006இன் இறுதியில் போர் வந்தது. சனங்கள் உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு இடம்பெயர்ந்து, அடுத்த வருடந்தான் திரும்பி வந்து குடிசை போட்டிருந்தார்கள். பிள்ளைகளிடம் புத்தகம் குறைவு, கொப்பி அதனிலும் குறைவு. தரம் ஏழு மாணவர்களுக்கு "எங்கள் ஊர்" என்று கட்டுரை கொடுத்தேன்.

எல்லாரும் கோயில், குளம், வயல், கடல் என்று எழுதினார்கள். ஒருவன் மட்டும், தன் அப்பப்பாவுடன் தேன் எடுக்கக் காட்டுக்குப் போன கதையை எழுதியிருந்தான். பொந்துத்தேன், கொம்புத்தேன், புற்றுத்தேன், கொசுத்தேன் என்று ஒவ்வொன்றையும் பிரித்து, எதை எப்படி எடுப்பது, எதற்கு எவ்வளவு புகை போடுவது என்றெல்லாம் விபரமாகச் சொல்லியிருந்தான். நானோ நன்னூல் படித்துத் தேறிய புதிய ஆசிரியன். "கூறியது கூறல்" என்னும் குற்றம் என் கண்ணில் பட்டது. நான்கு தேனையும் சிவப்பு மையால் வெட்டி, "தேன்" என்று ஒரு சொல் எழுதினேன். கட்டுரையின் பிற்பகுதியில் காட்டில் ஒரு யானை எதிர்ப்பட்டது. ஆனால் அவன் யானை என்று எழுதவில்லை. வேறு ஏதோ ஒரு சொல்லை எழுதியிருந்தான். அதையும் வெட்டி, மேலே "யானை" என்று திருத்தினேன். ஓரத்தில் "கொச்சைச் சொற்களைத் தவிர்க்க" என்று குறிப்பும் போட்டேன். பத்துக்கு நான்கு புள்ளி.

சில நாள் கழித்து வேறு ஓர் அலுவலாக அந்த அப்பப்பா பாடசாலைக்கு வந்தார். போகிற போக்கில் சொன்னார்:

"காட்டுக்க நிண்டு அதுர பேரச் சொல்லப்படா, மாஸ்ரர். பேரச் சொன்னா வந்திரும். அதுக்குத்தான் நாங்க வேற பேர் வச்சிருக்கம்."

நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். வயது போனவரின் மூடநம்பிக்கை என்று நினைத்தேன். அந்தக் குடும்பம், வாகரைக் கரையிலும் களுவன்கேணி போன்ற ஊர்களிலும் வாழும் வேடர் குடியைச் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அந்தச் சொற்களைக் கொச்சை என்று அவ்வளவு விரைவாக முடிவு செய்தேனோ என்று இன்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நேயர்களே, இந்தத் தவறு என்னிடத்தில் மட்டும் முளைத்ததல்ல. அதற்கு ஒரு படிப்பும் துணை நின்றது. திராவிட மொழிகளைப் பற்றிப் பரீட்சைக்குப் படித்தபோது, "திருந்திய மொழிகள், திருந்தா மொழிகள்" என்ற பாகுபாட்டை மனப்பாடம் செய்தோம். 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூல் செய்த பாகுபாடு அது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு ஆகியன திருந்தியவை. தோடம், கோத்தம், கோண்டி போன்றவை திருந்தாதவை. கால்டுவெல் இந்த மொழிகளையும் திராவிடக் குடும்பத்துக்குள் சேர்த்தாரே, அது பெரிய காரியம். ஆனால் நமது மனதில் தங்கியது "திருந்தா" என்ற அடைமொழிதான். திருந்தாதது என்றால் திருத்தப்பட வேண்டியது என்றுதானே பொருள் வரும்? திருத்துவதற்கு ஆசிரியன் கையில் சிவப்பு மை இருக்கிறது.

அந்தத் திருந்தா மொழிகளில் இரண்டைப் பற்றி இன்று உங்களுடன் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். அவை வழங்குமிடம் தமிழ்நாட்டின் நீலகிரி. அந்த மலை நமக்கு அந்நியமானதல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நமது மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட மக்களில் பலர், கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த மலையில் வாழ்கிறவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோர். படகர் பின்னர் மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

தோடர் எருமை வளர்ப்பவர்கள். பால்மனையே அவர்களுக்குக் கோயில். கோத்தர் கைவினைஞர், இரும்பு அடிப்பார்கள், மட்பாண்டம் வனைவார்கள், குழலும் பறையும் இசைப்பார்கள். தோடர் வீட்டு மரணச் சடங்குக்குக் கோத்தரின் இசை வேண்டும், கோத்தரின் சடங்குக்குத் தோடரின் நெய் வேண்டும் என்று கொடுக்கல் வாங்கலாகப் பல தலைமுறை வாழ்ந்தார்கள். இரு சாராரும் தனித்தனியே இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருப்பார்கள். நமது மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு நடுத்தரமான ஊரின் சனத்தொகை அது. இவர்கள் பேசும் தோடமும் கோத்தமும் ஒரு தாயின் இரு பிள்ளைகள் போன்ற மொழிகள். இரண்டுக்கும் பழைய எழுத்து மரபு இல்லை.

இவற்றைப் பற்றி வெளியார் நெடுங்காலம் சொல்லிவந்தது என்ன? "மலைக்குப் போன தமிழர் பேசிக் கெடுத்த தமிழ்" என்றார்கள் சிலர். இந்தக் கூற்றை ஒரு சிறிய சான்றைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். காதைத் தமிழில் "செவி" என்கிறோம். கோத்தர் "கெவ்" என்கிறார்கள். கன்னடத்தில் "கிவி". நாம் "சேரி" என்பதைக் கோத்தர் "கேர்" என்கிறார்கள். அவர்களுடைய ஊரில் வீட்டு வரிசைக்கு அதுதான் பெயர். கன்னடத்தில் "கேரி". தமிழில் சகரம் வருமிடத்தில் அவர்களிடம் ககரம் வருகிறது.

எது பழையது, எது மாறியது? நம்மிடமே விடை இருக்கிறது. இ, ஈ, எ, ஏ என்னும் உயிர்களுக்கு முன்னால் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாயிற்று. ஆனால் அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாமடி எழுத்து வந்தால் மாறாமல் நின்றுவிட்டது. அதனாலேதான் "கேள்", "கிளி", "கெடு", "கிழவன்" என்ற சொற்களில் இன்றும் ககரம் இருக்கிறது. செவியால் கேட்கிறோம் என்று சொல்கிறோமே, அந்த ஒரு வசனத்திலேயே மாறிய சொல் ஒன்றும் மாறாத சொல் ஒன்றும் அருகருகே நிற்கின்றன. முந்திய வடிவம் ககரம். அதைக் காத்து வைத்திருப்பவர்கள் கோத்தரும் தோடரும். மாற்றிக்கொண்டவர்கள் நாம்.

சங்கச் செய்யுள்களில் "செவி" என்றே இருக்கிறது. ஆகவே இந்த மாற்றம் சங்க காலத்துக்கு முன்பே தமிழில் நிகழ்ந்துவிட்டது. அதற்கும் முன்னரே இந்த மொழிகள் தனி வழியில் போயிருக்க வேண்டும். சங்கத் தமிழிலிருந்து பிறந்தவை அல்ல அவை. சங்கத் தமிழோடு உடன்பிறந்தவை. தமிழ் கெட்டு உண்டான மொழி, தமிழ் தொலைத்துவிட்ட ஒன்றை எப்படிக் கையில் வைத்திருக்க முடியும்?

இன்னொரு சான்று நமது நாவிலேயே இருக்கிறது. ஈழத்தவர்கள் நாம் "ரிக்கற்", "யூனிற்" என்று றகர ஒற்றுப் போட்டு எழுதுகிறோம். தமிழகத்து நண்பர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. றகரத்தை அவர்கள் பெரும்பாலும் ரகரம்போல் ஒலிப்பதால் அவர்களுக்கு இது விளங்குவதில்லை. தொல்காப்பியர் சொன்னபடி நுனிநா மேலண்ணத்தை ஒற்றிப் பிறக்கும் அந்த வல்லின றகரம் நம்முடைய "காற்று", "நேற்று" ஆகியவற்றில் இன்னும் வல்லினமாகவே கேட்கிறது. தகரம், றகரம், டகரம் என்ற இந்த மூன்று வல்லொலிகளின் வேறுபாட்டைத் தோடமும் கோத்தமும் சிறிதும் குழப்பாமல் வைத்திருக்கின்றன. தோடம் இன்னும் ஒரு படி மேலே போய், நா துடிக்கும் ரகர வகைகளில் மூன்றைப் பிரித்து ஒலிக்கிறது. பாஸ்கரராவ், பீற்றர் லடிஃபோகெட் முதலிய ஒலியியலார் 1996இல் இவற்றைப் பதிவு செய்து அளந்து காட்டினார்கள். திருந்தா மொழி என்று நாம் பெயர் வைத்த மொழி, நமது காதுக்கே எட்டாத நுட்பத்தை அன்றாடம் கையாளுகிறது.

இவையெல்லாம் நமக்குத் தெரியவந்தது முக்கியமாக ஒருவரால். அவர் எமனோ, கனடாவில் 1904இல் பிறந்தவர், சமஸ்கிருதம் படித்தவர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் மாதக்கணக்காக உட்கார்ந்து, தோடரும் கோத்தரும் சொல்வதைக் கேட்டு எழுதினார். கோத்தர் கதைகள் 1944 முதல் 1946 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன. அவற்றை அவருக்குச் சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர். அந்தச் சமூகத்தில் முதன்முதலாக ஆங்கிலப் பள்ளிப் படிப்புப் படித்துத் தம் ஊரிலேயே ஆசிரியரானவர் அவர். ஓர் ஆசிரியர் என்பதால் அவரை நினைக்கும்போது எனக்குத் தனி மரியாதை உண்டு. பள்ளிப் படிப்பால் புதிய உலகத்துக்குள் போனவர், தம் பாட்டன் கதைகளைக் கொச்சை என்று வெட்டாமல், ஒவ்வொரு சொல்லாக இன்னொருவரை எழுத வைத்தார்.

எமனோவின் "தோடர் பாடல்கள்" என்ற நூல் 1971இல் வந்தது. ஏறக்குறைய ஆயிரம் பக்கம். தோடர் பாட்டில் எதைச் சொன்னாலும் இரட்டையாகச் சொல்ல வேண்டும். ஒரு தொடருக்கு எந்தத் தொடர் இணை என்று மரபிலேயே முடிவு செய்யப்பட்டிருக்கும். அந்த இணைகளை அறிந்த எவரும், ஒரு சாவையோ விழாவையோ ஓர் எருமையையோ பற்றி அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டலாம். யாப்பிலக்கணம் எழுதப்படவில்லை, ஆனால் ஒருவர் இணையைத் தவறாகச் சொன்னால் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும். நமது பிள்ளைகளுக்கு எதுகை மோனை படிப்பிக்க நாம் எவ்வளவு பாடுபடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

எமனோவும் பரோ என்ற ஆங்கிலேயப் பேராசிரியரும் சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பகராதியை வெளியிட்டார்கள். அந்த அகராதியின் ஒழுங்கை நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். ஒவ்வொரு பதிவிலும் முதலில் தமிழ், அடுத்து மலையாளம், அதற்கடுத்துக் கோத்தம், தோடம். பிறகுதான் கன்னடம், துளு, தெலுங்கு. காவியங்கள் உள்ள கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் முன்னால், எழுத்தே இல்லாத இரண்டு மலை மொழிகள் இருக்கின்றன. உறவின் நெருக்கத்தைப் பார்த்து இட்ட வரிசை அது. எத்தனை பேர் பேசுகிறார்கள், எத்தனை நூல் இருக்கிறது என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை.

இன்று அந்த இரு மொழிகளும் யுனெஸ்கோவின் அழிவாபத்து மொழிகள் பட்டியலில் உள்ளன. மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதி தேயிலைக்கும் மரத் தோப்புக்கும் போய்விட்டது. பிள்ளைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். ஆனால் வகுப்பறைக்குள் தன் வீட்டுச் சொல் பிழையாகிவிடும்போது, பிள்ளை அதை வீட்டிலும் விட்டுவிடுகிறது.

நமது பேச்சும் இந்த ஏளனத்துக்குத் தப்பியதல்ல. "என்னகா", "வாங்ககா" என்று நாம் பேசினால் வெளியூரில் சிரிப்பார்கள். "மறுகா வாறன்" என்றால் அதற்குப் பொருள் கேட்பார்கள். அந்தக் "கா" போலவே ஒரு "கா"வைத் தொல்காப்பிய இடையியல் அசைச்சொற்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று வாவியின் இரு கரைக்கும் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1966இல் இலங்கைத் தமிழை ஆராய்ந்தபோது, பேச்சு வழக்குகளில் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியதாகவும் பழைய கூறுகளைக் காத்ததாகவும் மட்டக்களப்பு வழக்கை மதிப்பிட்டார். அதைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். வித்துவான் வீ.சீ. கந்தையாவின் "மட்டக்களப்புத் தமிழகம்" 1964இல் வெளிவந்தபோதும் அந்தப் பெருமையே நமக்கு ஏற்பட்டது. சிரிக்கப்பட்டவர்கள் நாம். அப்படியிருந்தும் நம்மிலும் சிறியவர்களைக் கண்டதும் நாமே சிரிக்கிறோம்.

நமது கோயில் வரலாறுகளைப் பாருங்கள். கொக்கட்டிச்சோலையில் மரத்தை வெட்டிய வேடன் அதில் இரத்தம் கசியக் கண்டு இறைவனை அறிந்தான் என்று சொல்கிறோம். மண்டூர் முருகனைச் சின்னக் கதிர்காமம் என்று வணங்கும்போது, வள்ளி வேடர் மகள் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். வேடர் இல்லாமல் நமது தலபுராணம் தொடங்காது. ஆனால் அந்த வேடரின் பேரன் வகுப்பில் எழுதிய ஒரு சொல்லுக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

வேடர் மொழியின் கதை தோடர், கோத்தர் மொழிகளின் கதையிலும் துயரமானது. 1911இல் செலிக்மன் தம்பதியர் எழுதிய "வேடர்கள்" என்ற பெரிய நூலிலேயே, கிழக்குக் கரை வேடர் தமிழ் பேசுவோராகத்தான் காட்டப்படுகிறார்கள். மகியங்கனைக்கு அருகே தம்பானைப் பக்கத்து வேடர்களிடம் இருப்பதோ சிங்களத்தோடு பெரிதும் கலந்த பேச்சு. போவதை "மங்கச்சனவா" என்றும், பன்றியைத் "தொல" என்றும் அவர்கள் சொல்வதைப் பதிந்திருக்கிறார்கள். அது சிங்களத்தின் ஒரு கிளைவழக்கு என்றார் கைகர். 1970களில் சுகதபால டி சில்வா, தர்மதாச ஆகியோர், ஒரு பழைய மொழியும் சிங்களமும் சந்தித்து உண்டான கலப்பு மொழி அது என்று காட்டினார்கள். அந்தப் பழைய மொழி என்ன, அதற்கு உடன்பிறந்தவை எவை என்று சொல்ல இன்று போதிய சொற்கள் இல்லை. நீலகிரிக்கு 1935இல் ஒருவர் கொப்பியோடு போனார். வேடர் மொழியோ, கொப்பிகள் வந்து சேரும்போது பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. ஒரே குடியில் ஒரு சாரார் தமிழுக்குள்ளும் மற்றச் சாரார் சிங்களத்துக்குள்ளும் போய்விட்டார்கள். காட்டில் சொல்லும் மறைபெயர்களிலும் சடங்கில் பாடும் பாட்டுகளிலும் ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தால் உண்டு. வாகரைப் பக்கத்தில் குமார தெய்வச் சடங்கு ஒன்றைப் பின்னாளில் பார்த்தேன். கட்டாடியார் பாடிய பாட்டில் பாதி எனக்குப் புரிந்தது. மீதியை எந்தத் தமிழ் அகராதியிலும் தேட வழி தெரியாமல் நின்றேன்.

இப்போது அந்தக் கட்டுரைக் கொப்பிக்குத் திரும்பி வருகிறேன். பல வருடம் கழித்து, வேறு ஏதோ தேடும்போது சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியில் "கொசுத்தேன்" என்ற சொல்லைக் கண்டேன். ஒருவகைச் சிறு ஈயின் தேன். சித்த வைத்திய நூல்களிலும் கொம்புத்தேன், பொந்துத்தேன், புற்றுத்தேன் என்று வகை பிரித்துத் தனித்தனிக் குணம் சொல்லியிருக்கிறார்கள். நான் வெட்டியது கொச்சையல்ல. நான் படிக்காத தமிழ். பத்துக்கு நான்கு புள்ளி பெற வேண்டியவன் நான்.

ஆனால் யானைக்கு அவன் எழுதிய அந்தச் சொல்? அது எந்த அகராதியில் இருக்கும்? அது தமிழா, தம்பானைப் பேச்சோடு உறவுள்ளதா, அல்லது அதற்கும் முந்தியதா? அதை அறிந்தவர்களிடம் கேட்கலாம் என்றால், நேயர்களே, அந்தச் சொல் எனக்கு நினைவில் இல்லை. அதை வெட்டிய கோடு நினைவிருக்கிறது. மேலே "யானை" என்று எழுதியதும் நினைவிருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் வாழைச்சேனைச் சந்தியில் அந்த மாணவனைக் கண்டேன். இப்போது அவன் மேசன் வேலை செய்கிறான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து சுகம் விசாரித்தான். நான் ஆவலோடு அந்தச் சொல்லைக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"தெரியா சேர். அப்பப்பா மோசம் போயிற்றார். காட்டுக்குப் போறதையும் விட்டுட்டம். அது பிழையான சொல்லெண்டு நீங்கதானே சேர் சொன்னீங்க."

கோபத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆசிரியர் சொன்னதைக் கேட்டு நடந்த நல்ல மாணவன் அவன்.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாணவனின் தமிழ்க் கொப்பியிலும் கடைசி இரண்டு பக்கம் வீட்டுச் சொற்களுக்கு உரியது. அம்மம்மா சொல்லும் சொல், வலை போடும்போது சொல்லும் சொல், வயலில், காட்டில், சடங்கில் சொல்லும் சொல், எதுவாயினும் எழுதலாம். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்றும் குறிக்க வேண்டும். பரீட்சைக்கு எழுத்துத் தமிழ் படிப்பிக்கிறேன்; அதில் குறைவு வைப்பதில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பக்கங்களில் என் சிவப்புப் பேனை தொடாது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தெரியாத சொல் ஒன்றைப் பிள்ளை எழுதினால், வெட்டுவதற்கு முன் கேளுங்கள். "இது யார் சொன்ன சொல், மனே?" என்று கேட்டால் போதும். சுள்ளி என்ற ஆசிரியர் தம் மொழிக்குச் செய்ததில் ஒரு சிறு பங்கையாவது நாமும் செய்யலாம். எனக்குத் தெரியாத அந்தச் சொல்லை இந்த ஒலிபரப்பைக் கேட்கும் வேடர் குடி முதியவர் எவரேனும் அறிந்திருந்தால், தம் பேரப்பிள்ளையின் கொப்பியில் அதை எழுதி வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.